தொனாத்திவோ விடுதிகளை நம்பி கமினோ நடக்கலாமா?

நீங்கள் கேட்டிருப்பது சுருக்கமாக இதுதான்: வரும் செப்டம்பரில், அறுபதைக் கடந்த, சைவம் மட்டுமே சாப்பிடும் தாயாருடன் ஸ்பெயினின் கமினோ யாத்திரைப் பாதையில் நடக்கப் போகிறீர்கள். வழியில் காசு கேட்காமல் படுக்க இடமும் இரவுச் சாப்பாடும் தரும் ‘தொனாத்திவோ’ விடுதிகள் உண்டென்று காணொளிகளில் பார்த்திருக்கிறீர்கள். அவற்றில் மறக்க முடியாதவை எவை என்று பட்டியல் கேட்கிறீர்கள். ஆனால் உங்கள் மனதில் இருக்கும் கேள்வி கடைசி வரியில்தான் வெளிப்படுகிறது: “அதெல்லாம் இன்னமும் உண்மையா, இல்லை சுற்றுலாக்காரர்களுக்கான நாடகமா? முன்பதிவு இல்லாமல் போய் அம்மாவோடு நடுத்தெருவில் நிற்க நேருமா?” அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உண்மைதான், நாடகம் இல்லை. நடுத்தெருவில் நிற்க மாட்டீர்கள். ஆனால் அந்த இடங்கள் எப்படி இயங்குகின்றன என்று தெரியாமல் போனால் அவற்றை அனுபவிக்கவும் மாட்டீர்கள்.

நான் எந்தத் தகுதியில் பேசுகிறேன் என்றும் சொல்ல வேண்டும். ஐரோப்பாவில் வசிப்பவன். இந்தப் பாதையில் பல பருவங்களில் நடந்திருக்கிறேன். சில கோடைகளில் அதே பாதையின் விடுதிகளில் சம்பளமில்லாத காப்பாளனாக இருந்து, கழிப்பறை கழுவி, பருப்பு வேகவைத்து, இரவு பத்து மணிக்கு விளக்கணைத்துப் பழகியவன். அந்த வேலையைச் செய்பவரை அங்கே ஒஸ்பித்தலேரோ என்பார்கள். கீழே சொல்வதெல்லாம் பிரெஞ்சு வழியைப் பற்றியது மட்டுமே: பிரான்சின் எல்லையில் சேன் ழான் என்ற ஊரில் தொடங்கி, பிரனீஸ் மலையைத் தாண்டி, வட ஸ்பெயினின் குறுக்கே சுமார் 780 கிலோமீட்டர் நடந்து சந்தியாகோ நகரில் முடியும் வழி. நம்மூர்க் கத்தோலிக்கர் சந்தியாகப்பர் என்று கும்பிடும் அதே யாக்கோபின் கல்லறை இருப்பதாக நம்பப்படும் ஊர் அது. போர்த்துக்கல் வழிக்கும் வடக்குக் கடற்கரை வழிக்கும் கணக்கு வேறு.

பாதையில் உள்ள விடுதிகளுக்கு அல்பெர்கே என்று பெயர். பெரும்பாலும் இரண்டடுக்குக் கட்டில்கள் வரிசையாகப் போட்ட பெரிய கூடம். ஆணும் பெண்ணும் ஒரே கூடத்தில்தான். காலணியை வாசல் அலமாரியில் விட வேண்டும், முதுகுப்பையைக் கட்டில்மேல் வைக்கக் கூடாது, பத்து மணிக்கு விளக்கு அணையும், காலை எட்டுக்குள் வெளியேற வேண்டும். நோயோ காயமோ இல்லாவிட்டால் ஒரே இரவுதான். யாத்திரிகர் அட்டை கையில் இருந்தால்தான் சேர்ப்பார்கள். ஒவ்வொரு இடத்திலும் அதில் முத்திரை குத்துவார்கள். பாஸ்போர்ட்டையும் காட்டிப் பதிவு செய்ய வேண்டும், அது ஸ்பெயின் நாட்டுச் சட்டம். நகராட்சி நடத்துபவை, மாநில அரசு நடத்துபவை, தனியார் நடத்துபவை, கோயில்களும் மடங்களும் யாத்திரிகர் சங்கங்களும் நடத்துபவை எனப் பல வகை. நீங்கள் காணொளியில் பார்த்தவை பெரும்பாலும் கடைசி வகையைச் சேர்ந்தவை. அவற்றுள் பல ‘தொனாத்திவோ’, அதாவது கட்டணம் இல்லை, வாசலருகே ஒரு பெட்டி இருக்கும், கொடுக்க முடிந்ததைப் போடலாம்.

அந்தப் பெட்டியைத்தான் பெரும்பாலானோர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். யாரோ ஒரு புண்ணியவானோ அரசாங்கமோ பணம் தந்து நடப்பதாக நினைக்கிறார்கள். காப்பாளன் தரப்பிலிருந்து பார்த்தால் நடைமுறை இதுதான்: எட்டு மணிக்குக் கடைசி ஆள் கிளம்பியதும் பெட்டியைத் திறப்போம். அதில் இருப்பதை வைத்துக்கொண்டு கடைக்குப் போவோம். அன்று மாலை வரப்போகிறவர்களுக்குப் பருப்பும் உருளைக்கிழங்கும் ரொட்டியும் தக்காளியும் மலிவான சிவப்பு ஒயினும் அந்தக் காசில்தான் வரும். மின்கட்டணம், வெந்நீருக்கான எரிவாயு, கழிப்பறைத் தாள் எல்லாமே அதிலிருந்துதான். ஆக, இன்று இரவு நீங்கள் சாப்பிடுவது நேற்றுத் தூங்கியவர் போட்ட காசு. நீங்கள் நாளைக் காலை போடுவது, நீங்கள் ஒருபோதும் பார்க்கப்போகாத ஒருவரின் இரவுச் சாப்பாடு. இதில் இலவசம் என்று ஒன்றும் கிடையாது. ஒரு நாள் பெட்டியில் சில்லறை மட்டும் கிடந்தால் மறுநாள் சூப்பில் தண்ணீர் கூடும், அவ்வளவுதான். பக்கத்துத் தனியார் விடுதியில் படுக்கைக்கும் சாப்பாட்டுக்கும் ஆகும் தொகையை மனதில் வைத்துக்கொண்டு, உங்களால் முடிந்தால் அதையே போடுங்கள். முடியாதவர் ஒரு யூரோ போட்டாலும், ஒன்றும் போடாவிட்டாலும் யாரும் பார்க்க மாட்டார்கள். பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கக் கூடாது என்பது எங்களுக்குச் சொல்லித் தரப்படும் முதல் பாடங்களில் ஒன்று. ஆனால் புதிய ஐபோனில் பெட்டியைப் படம் பிடித்து, “இலவச விடுதி” என்று தலைப்புப் போட்டுவிட்டுக் காசு போடாமல் நழுவுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வராது என்று சொல்ல மாட்டேன்.

இந்த ஏற்பாடு தானாக முளைத்ததும் அல்ல, இடைக்காலத்திலிருந்து அறுபடாமல் வந்ததும் அல்ல. ‘ஆயிரம் ஆண்டு விருந்தோம்பல்’ என்று விளம்பரப் பலகைகளில் எழுதுவார்கள். அதில் பாதிதான் சரி. 12ஆம் நூற்றாண்டில் மன்னர்களும் மடங்களும் பாதை நெடுகச் சத்திரங்கள் கட்டினார்கள் என்பதற்கு ஐயம் இல்லை. புர்கோஸ் நகருக்கு வெளியே எட்டாம் அல்போன்சோ மன்னர் கட்டிய பெரிய சத்திரத்தின் கட்டடம் இன்று சட்டக் கல்லூரியாக இருக்கிறது. பிறகு யாத்திரை தேய்ந்தது. 1830களில் ஸ்பெயின் அரசு மடங்களின் சொத்துகளைக் கையகப்படுத்தி விற்றபோது இருந்த சத்திரங்களும் போயின. 1980களின் நடுவில் ஆண்டுக்குச் சில ஆயிரம் பேர்கூட சந்தியாகோவுக்கு நடந்து வரவில்லை. மலைமேல் உள்ள ஒ செப்ரெய்ரோ ஊரின் பங்குத்தந்தை எலியாஸ் வலீன்யா 1984இல் மஞ்சள் சாயத்தை வாங்கிக் காரில் போட்டுக்கொண்டு வழி நெடுக அம்புக்குறி வரையத் தொடங்கினார். இன்று நீங்கள் பின்தொடரப் போகும் மஞ்சள் அம்பு அவருடையது. காவலர்கள் நிறுத்தி என்ன செய்கிறீர்கள் என்று கேட்டதற்கு, “பிரான்சிலிருந்து பெரும் படையெடுப்பு வரப்போகிறது, அதற்கு ஏற்பாடு செய்கிறேன்” என்றாராம். இந்த ‘ஆம்’ விகுதியோடுதான் அதைச் சொல்ல வேண்டும். எல்லா விடுதிச் சாப்பாட்டு மேசையிலும் கேட்கலாம், நல்ல கதை.

அம்பு வந்தது, ஆட்கள் வந்தார்கள், படுக்கத்தான் இடமில்லை. 1990இல் ஒர்னியோஸ் என்ற சிற்றூரில் ஒரு கட்டலோனியப் பெண் தன் விடுமுறைக்கு வீடொன்றை வாடகைக்கு எடுத்து, நடந்து வருபவர்களை உள்ளே அழைத்துத் தங்கவைத்தார். அதிலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய தன்னார்வக் காப்பாளர் அமைப்பு. ஒரு முறையாவது கமினோ நடந்திருக்க வேண்டும், வார இறுதிப் பயிற்சி ஒன்றை முடிக்க வேண்டும். பிறகு ஆண்டில் இரண்டு வாரம் ஏதாவதொரு விடுதிக்கு அனுப்புவார்கள். சம்பளம் கிடையாது, பயணச் செலவும் நம்முடையது. நீங்கள் சந்திக்கப் போகும் அந்த அன்பான மனிதர் அந்த ஊர்க்காரராக இருக்க வாய்ப்பு குறைவு. அவர் கனடாவின் ஓய்வுபெற்ற செவிலியராகவோ வலென்சியாவின் பஸ் ஓட்டுநராகவோ இருக்கலாம். பதினைந்து நாளில் அவரும் கிளம்பிவிடுவார். அதனால்தான் ‘போன ஆண்டு அந்த விடுதி அற்புதம்’ என்று ஒருவரும் ‘மோசம்’ என்று இன்னொருவரும் எழுதியிருந்தால் இருவருமே உண்மை சொல்லியிருக்கக் கூடும். இணைய மதிப்பீடுகளை வைத்து இந்த வகை இடங்களைத் தேர்ந்தெடுப்பது வீண் வேலை.

இனி இடங்கள். முதல் நாள் மலையேறி இறங்கினால் ரொன்செஸ்வாயெஸ். பழைய மடத்துக்குள், நூற்று எண்பதுக்கும் மேற்பட்ட படுக்கைகள், கட்டணம் உண்டு, முன்பதிவும் செய்யலாம். நெதர்லாந்து யாத்திரிகர் சங்கத்தின் தன்னார்வலர்கள் கவனித்துக்கொள்கிறார்கள். அவர்களுடைய ஒழுங்கு அபாரம். ஈரக் காலணியைக் கையில் வாங்கும்போதே எந்த அலமாரி, எந்த மாடி என்று சொல்லிவிடுவார்கள். மாலைத் திருப்பலியின் முடிவில் எந்தெந்த நாட்டிலிருந்து வந்திருக்கிறார்கள் என்று வாசித்து ஆசி தருவார்கள். கிறிஸ்தவர் அல்லாதவர் போகலாமா என்று தயங்க வேண்டாம். இந்தச் சத்திரத்தைப் புகழும் பழைய லத்தீன் பாடல் ஒன்று, இதன் கதவு நோயாளிக்கும் நலமானவருக்கும், கத்தோலிக்கருக்கு மட்டுமன்றிப் பிற மதத்தாருக்கும், யூதருக்கும், திருச்சபைக்கு மாறானவருக்கும், சோம்பேறிக்கும் வீணருக்கும்கூடத் திறந்திருக்கிறது என்கிறது. யூதர்களையும் மாற்றுக் கொள்கையினரையும் ஐரோப்பா நடத்திய விதம் தெரிந்தவர்களுக்கு அந்த வரி வியப்பாகவே இருக்கும். நடைமுறையில் எவ்வளவு தூரம் அப்படி நடந்தது என்பது வேறு விஷயம். எழுதிவைக்கவாவது ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது.

சான்தோ டொமிங்கோ என்ற ஊரில், ஊருக்கே பெயர் தந்த துறவியின் பெயரால் இயங்கும் சகோதர சபை இன்னமும் யாத்திரிகர் விடுதி நடத்துகிறது. அங்குள்ள பேராலயத்தின் உள்ளே கூண்டில் உயிருள்ள சேவலும் கோழியும் வைத்திருப்பார்கள். பொய்க் குற்றச்சாட்டில் தூக்கிலிடப்பட்ட இளைஞன் உயிரோடிருக்கிறான் என்று சொன்னபோது, “என் தட்டில் இருக்கும் வறுத்த கோழி எழுந்து கூவினால் நம்புகிறேன்” என்று நீதிபதி சொல்ல, அது கூவியது என்பது கதை. கதையின் நம்பகத்தன்மை எப்படியோ, காலை நேரத்தில் கோயிலுக்குள் சேவல் கூவுவது மட்டும் நிச்சயம்.

ஆனால் அங்கே தங்காமல் இன்னும் ஆறேழு கிலோமீட்டர் நடக்கும்படி உங்களைக் கேட்டுக்கொள்வேன். கிரான்யோன் என்ற சின்ன ஊர். பங்குக் கோயிலின் மணிக்கூண்டை ஒட்டிய குறுகலான கல் படிக்கட்டில் ஏறினால் விடுதி. கட்டில் கிடையாது, தரையில் மெத்தை. வாசலில் பெட்டி திறந்தே இருக்கும், ‘முடிந்ததைப் போடு, தேவையானதை எடுத்துக்கொள்’ என்ற பொருளில் எழுதியிருப்பார்கள். ‘எடுத்துக்கொள்’ என்ற பாதியை யாரும் துஷ்பிரயோகம் செய்வதில்லையா என்று கேட்பீர்கள். செய்பவர் இருக்கலாம். ஆனால் காசு தீர்ந்துபோய், வீட்டுக்குப் போகப் பஸ் டிக்கெட்டுக்கு வழியில்லாதவர் யாரிடமும் வாய்விட்டுக் கேட்காமல் எடுத்துக்கொள்ளவும் அதுதான் வழி. சமையலில் கை கொடுக்க வேண்டும். வெங்காயம் நறுக்க ஒரு குழு, மேசை போட ஒரு குழு, பாத்திரம் துலக்க ஒரு குழு. இது வசதிக்குறைவினால் செய்யப்படுவதல்ல. நாற்பது அந்நியர்கள் ஒரு மணி நேரத்தில் பேசிப் பழகுவதற்குச் சேர்ந்து காய் நறுக்குவதைவிட நல்ல வழியை நான் பார்த்ததில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு கோயிலின் பாடகர் மாடத்தில், இருட்டில், ஒரு மெழுகுவர்த்தியைக் கைமாற்றிக்கொண்டே அவரவர் மொழியில் ஒரு வார்த்தை பேசுவார்கள். தமிழில் பேசுங்கள், புரியாது என்று யாரும் நினைக்க மாட்டார்கள்.

அங்கிருந்து ஒரு நாள் நடையில் தொசாந்தோஸ். பழைய மரவீடு, இதே போலத் தரை மெத்தை, பொதுச் சமையல். அங்குள்ள ஒரு வழக்கம் எனக்குப் பிடித்தது. விரும்பியவர்கள் வேண்டுதலை ஒரு தாளில் எழுதிவைத்துவிட்டுப் போகலாம். எழுதியவர் சந்தியாகோவுக்கு நடந்து சேர எத்தனை நாள் ஆகுமோ ஏறக்குறைய அத்தனை நாளும், பின்னால் வருகிற யாத்திரிகர்கள் மாலைச் செபத்தில் அதை வாசிப்பார்கள். நம்பிக்கை உள்ளவர்களுக்கு அது செபம். எனக்கு, முன்னால் போய்க்கொண்டிருக்கிற முகம் தெரியாத ஒருவரின் கவலையை ஐந்து நிமிடம் சுமப்பது.

புர்கோஸ் தாண்டினால் மெசேத்தா என்ற மேட்டுநிலம் தொடங்கும். நிழலில்லாத கோதுமை வயல், நேர்க்கோட்டில் பாதை; பலர் சலித்துப்போய்ப் பஸ் பிடித்து லியோனுக்குப் போய்விடுவார்கள். போகாதீர்கள். பாதையின் மிக நல்ல இரண்டு இரவுகள் அங்கே, ஒன்றிலிருந்து இன்னொன்று சுமார் பதின்மூன்று கிலோமீட்டரில் இருக்கின்றன. முதலாவது சான் அந்தோன். இடிந்த கோதிக் மடத்தின் மாபெரும் வளைவுக்குக் கீழேதான் சாலையே போகிறது. கூரையில்லாத கோயிலின் சுவரை ஒட்டி ஒரு சின்னக் கட்டடத்தில் பன்னிரண்டு படுக்கை. மின்சாரம் இல்லை, வெந்நீர் இல்லை, கோடைப் பருவத்தில் மட்டும்தான் திறந்திருக்கும். மெழுகுவர்த்தியில் சாப்பிட்டு, கூரையிருந்த இடத்தில் நட்சத்திரம் பார்த்துத் தூங்கப் போகலாம்.

இந்த மடத்தை நடத்திய அந்தோனியார் சபையினர் ‘அந்தோனியார் நெருப்பு’ என்ற நோயைக் குணப்படுத்துவதில் பேர் பெற்றவர்கள். கைகால் எரிந்து, கறுத்து, அழுகிவிழும் நோய். ரை தானியக் கதிரில் வளரும் எர்காட் பூஞ்சையின் நஞ்சுதான் காரணம் என்பது இன்று உறுதி. மடத்தில் தந்த ரொட்டி அந்தப் பூஞ்சை படியாத நல்ல கோதுமையில் செய்தது, வடக்கிலிருந்து நடந்து வந்தவர்கள் வாரக்கணக்கில் ரை ரொட்டி சாப்பிடாமல் இருந்ததே பாதி வைத்தியம் என்று விளக்கம் சொல்வார்கள். அது பொருத்தமான ஊகம். ஆனால் ஊகம்தான், ஆவணம் அல்ல. விருந்தோம்பலே மருந்தாக இருந்திருக்கக்கூடிய இடம் என்பதால் அந்த ஊகத்தை விட்டுவிட எனக்கு மனமில்லை.

இரண்டாவது, காஸ்த்ரொஹெரிஸ் ஊரைக் கடந்து, மூச்சு வாங்கவைக்கும் ஒரு மேட்டை ஏறி இறங்கினால், பிசுவெர்கா ஆற்றுப் பாலத்துக்கு முன் தனியாக நிற்கும் சான் நிக்கொலாஸ். 13ஆம் நூற்றாண்டுக் கற்கோயில். அதன் உள்ளேயே கட்டில்கள், அதன் உள்ளேயே நீண்ட சாப்பாட்டு மேசை. பத்துப் பன்னிரண்டு பேருக்குத்தான் இடம். இத்தாலியின் பெருஜியாவைச் சேர்ந்த யாத்திரிகர் சகோதர சபை இதைப் புதுப்பித்து நடத்துகிறது. குளியலறை பின்னால் தனிக் கட்டடம். கோயிலுக்குள் மின்விளக்கு கிடையாது. சாப்பாட்டுக்கு முன் எல்லோரையும் அரைவட்டமாக உட்காரவைத்து, சிப்பி பதித்த குறுமேலங்கி அணிந்த காப்பாளர்கள் ஒவ்வொருவருடைய பாதத்திலும் நீர் ஊற்றி, துடைத்து, முத்தமிடுவார்கள். கொப்புளமும் அழுக்குமாக இருக்கிற காலை இன்னொருவர் கையில் கொடுப்பது எளிதல்ல. உங்களைவிட உங்கள் தாயாருக்கு அது கூடுதலாகக் கூச்சம் தரலாம். வேண்டாமென்று சொன்னால் வற்புறுத்த மாட்டார்கள். ஆனால் அந்த மேசையில் பாஸ்தா அருமையாக இருக்கும், இத்தாலியர்கள் அல்லவா.

கரியோன் ஊரில் அகுஸ்தீன் சபைக் கன்னியர் நடத்தும் விடுதியில் மாலையில் கிதார் வாசித்துப் பாட்டு. எல்லோரையும் பாடவைப்பார்கள், பிறகு வண்ணம் தீட்டிய காகித நட்சத்திரம் ஒன்றைக் கையில் தருவார்கள். மறுநாள் பதினேழு கிலோமீட்டருக்கு ஓர் ஊர்கூட இல்லை, தண்ணீர் நிரப்பிக்கொள்ளுங்கள். பெர்சியானோஸில் மண்சுவர் வீடு, பொதுச் சாப்பாடு, சூரியன் மறைவதைப் பார்க்க எல்லோரும் வெளியே வருவார்கள். லியோனுக்குப் பின் மலையடிவாரத்தில் ரபனால்: அங்கே லண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட புனித யாக்கோபு சகோதர சபை 1991இல் திறந்த விடுதி. ஆங்கிலேயர் நடத்துவதால் பிற்பகலில் தோட்டத்தில் தேநீர். பாதையில் நான் குடித்த ஒரே உருப்படியான தேநீர் அது. மற்ற இடங்களில் வெந்நீரில் ஒரு பையைப் போட்டுத் தருவார்கள், பால் கேட்டால் விசித்திரமாகப் பார்ப்பார்கள். எதிரே உள்ள சின்னக் கோயிலில் பெனடிக்ட் சபைத் துறவிகள் மாலைச் செபத்தை கிரிகோரியன் இசையில் பாடுகிறார்கள். இசையில் ஆர்வமிருந்தால் அதற்காகவே அங்கே நடையை நிறுத்தலாம்.

மலையைத் தாண்டிக் கலீசியாவுக்குள் நுழைந்ததும் சூழல் மாறிவிடும். மாநில அரசின் விடுதிகள் சுத்தமானவை, கட்டணம் பத்து யூரோ அளவில்தான். ஆனால் சமையலறையில் அடுப்பு இருக்கும், பல இடங்களில் ஒரு சட்டிகூட இருக்காது. ஏன் என்று பல ஆண்டுகளாக யாத்திரிகர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். யாத்திரை முடித்ததற்கான சான்றிதழ் பெறக் கடைசி நூறு கிலோமீட்டர் நடந்தால் போதும் என்பதால், அந்தத் தூரத்தில் உள்ள சர்ரியா என்ற ஊரிலிருந்து கூட்டம் அலைமோதும். 2024இல் சான்றிதழ் வாங்கியவர்கள் ஏறத்தாழ 5 லட்சம் பேர்; அவர்களில் பத்தில் மூவர் அளவுக்கு சர்ரியாவில் தொடங்கியவர்கள். இந்தப் பகுதியில் நீங்கள் தேடும் வகை வரவேற்பு அரிது. யாரையும் குறை சொல்ல முடியாது. நாளுக்கு நூறு பேர் வந்தால் எந்த விடுதியிலும் பெயர் கேட்டுப் பேச நேரமிருக்காது.

முன்பதிவு பற்றி. தொனாத்திவோ விடுதிகள் முன்பதிவு ஏற்பதில்லை. வந்த வரிசைதான், நடந்து வருபவருக்கு முன்னுரிமை. செப்டம்பர் கூட்டமான மாதம். பன்னிரண்டு படுக்கை உள்ள இடத்தில் பிற்பகல் இரண்டு மணிக்குள் சேர்ந்தால் வாய்ப்பு அதிகம், ஐந்து மணிக்கு வந்தால் குறைவு. இடம் இல்லாவிட்டால் காப்பாளர் அடுத்த ஊருக்குத் தொலைபேசியில் பேசித் தருவார், சில ஊர்களில் விளையாட்டுக் கூடத்தைத் திறந்துவிடுவார்கள், கிரான்யோனில் பெரும்பாலும் யாரையும் திருப்பி அனுப்புவதில்லை. என் யோசனை: தொடக்கத்தில் இரண்டு மூன்று இரவுகளுக்கும் சர்ரியாவுக்குப் பிந்தைய இரவுகளுக்கும் முன்பதிவு செய்யுங்கள், நடுவில் உள்ள இரவுகளை முன்பதிவு இல்லாமல் விட்டுவிடுங்கள். முழுப் பயணத்தையும் செயலியில் பதிவு செய்துகொண்டு போகிறவர்களுக்கு நான் மேலே சொன்ன எந்த இரவும் கிடைக்காது.

இந்திய பாஸ்போர்ட் என்றால் இதில் ஒரு சிக்கல் உண்டு. ஷெங்கன் விசா விண்ணப்பத்தில் தங்குமிட ஆதாரம் கேட்பார்கள். பெட்டி வைத்த விடுதி உறுதிச் சீட்டு தராது. பதிவு ஏற்கும் இடங்களின் உறுதிச் சீட்டுகள், நாள்வாரியான நடைத் திட்டம், நீங்கள் யாத்திரிகர் என்பதை விளக்கும் கடிதம் ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். எது போதும் என்று முடிவு செய்வது தூதரகம். அந்த விஷயத்தில் என் சொல்லை நம்பாமல் விசா மையத்திலேயே கேட்டுவிடுங்கள்.

சாப்பாடு. பொதுச் சமையல் விடுதிகளில் சைவருக்குச் சிரமம் குறைவு, ஏனென்றால் இறைச்சி விலை அதிகம், பருப்பு மலிவு. ஆனால் முத்திரை குத்தும்போதே சொல்லிவிட வேண்டும். சட்டி இறங்கிய பிறகு சொன்னால் பயனில்லை. ஸ்பெயினில் பருப்புக் குழம்பில் சொரிசோ என்ற பன்றித் தொத்திறைச்சித் துண்டைப் போடுவது வழக்கம், பூண்டு சூப்பில் ஹாம் இருக்கும், உணவகங்களில் ‘கலவை சாலட்’ கேட்டால் மேலே சூரை மீன் வரும். சைவம் என்று மட்டும் சொன்னால் மீனையும் ஹாம் துணுக்கையும் சைவத்தில் சேர்த்துக்கொள்பவர்கள் உண்டு. “இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம், ஹாம் வேண்டாம்” என்று மூன்றையும் தனித்தனியாக ஸ்பானிஷில் எழுதி ஒரு சீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். தாயார் முட்டை சாப்பிடுவாரா என்று நீங்கள் எழுதவில்லை. சாப்பிடுவார் என்றால் உருளைக்கிழங்கு ஆம்லெட் எல்லா ஊரிலும் கிடைக்கும். சாப்பிட மாட்டார் என்றால் சின்ன ஊர்களில் ரொட்டி, தக்காளி, பாலாடைக்கட்டி, பழம்தான். ஊறுகாய் எடுத்துப் போங்கள், மேசையில் பகிருங்கள்.

கடைசியாகத் தாயாரைப் பற்றி. வயதானவர்களுக்குக் கீழ்க்கட்டில் தருவது எழுதப்படாத விதி, பதிவின்போதே கேளுங்கள். தரை மெத்தையிலிருந்து எழுவது முழங்கால் வலி உள்ளவருக்குக் கடினம். அப்படியென்றால் கிரான்யோனிலும் தொசாந்தோஸிலும் தங்குவதா என்று ஒருமுறை யோசியுங்கள், கட்டில் உள்ள சான் நிக்கொலாஸும் ரபனாலும் போதும். குறட்டை, மாவு மில்லில் படுத்ததுபோல் இருக்கும், காதடைப்பான் கட்டாயம். மூட்டைப்பூச்சி எல்லா வகை விடுதியிலும் வரலாம், விலை கூடிய இடத்திலும்கூட. மெத்தையின் தையலோரத்தைப் பார்த்துவிட்டுப் பையைத் திறங்கள். தாயாரின் பையை வண்டியில் அனுப்பிவிட்டு வெறுங்கையோடு நடக்கலாம் என்று நினைத்திருந்தால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: பல தொனாத்திவோ விடுதிகளும் கலீசிய அரசு விடுதிகளும் வண்டியில் வரும் பைகளை வாங்குவதில்லை. ஊரில் உள்ள மதுக்கடைக்கோ தனியார் விடுதிக்கோ பையை அனுப்பி, மாலையில் நீங்கள் போய் எடுத்து வரலாம். எந்தக் கடை வாங்கிக்கொள்ளும் என்பதைப் பை சுமக்கும் நிறுவனத்திடமே முந்தின நாள் கேட்டால் சொல்வார்கள்.